யாருக்கு எந்தக் கஷாயம்? யாக்கையும் மருந்துப் பொருத்தமும்: தில்லியிலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒரு வீட்டில் மூன்று பேருக்குச் சளிக்காய்ச்சல். தாத்தாவுக்கு உடம்பு பிசுபிசுவென்று வியர்த்துக்கொண்டே இருக்கிறது. மகனுக்கு ஒரு துளி வியர்வை இல்லை; தோல் வறண்டு மூட்டுக்கு மூட்டு வலிக்கிறது. மருமகளுக்கும் வியர்வை இல்லை, ஆனால் பிடரி கட்டையாய் இறுகிப்போயிருக்கிறது. நோயின் பெயர் மூவருக்கும் ஒன்றுதான். ஜப்பானிய மரபு மருத்துவமான கம்போவில் தேர்ந்தவரிடம் போனால் மூவருக்கும் மூன்று கஷாயம் தருவார்.

இதைக் கேட்டதும் தமிழருக்கு வியப்பு எழாது. "அவளுக்குச் சூட்டு உடம்பு, சுக்கு ஒத்துக்காது" என்று நம் வீடுகளில் நாள்தோறும் பேசுகிறோம். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது. கொள்கையில் தகராறு இல்லை. அந்தக் கொள்கை மருந்துச் சீட்டு வரை எப்படி வந்து சேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதை ஆராயத் தில்லி ஏற்ற ஊர். ஆயுர்வேதத்தின் பிரகிருதி என்னும் உடல்வகையை மரபணு ஆய்வகத்துக்குள் கொண்டுவந்த விஞ்ஞானிகளும், யூனானியின் மிசாஜ் என்னும் உடல்தன்மைக் கருத்தைப் பல தலைமுறையாகக் காத்த ஹகீம்களும் இந்த ஊர்க்காரர்கள். சித்த மருத்துவத்தைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து பழகும் தமிழர்களும் இங்கே வாழ்கிறார்கள்.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல்வகை உண்டா இல்லையா என்று தில்லி நிறையவே ஆராய்ந்துவிட்டது. வகை பார்த்துக் கொடுத்த மருந்து, வகை பாராமல் கொடுத்ததைவிட நன்றாகக் கேட்கிறதா என்று போதிய அளவு ஆராயவில்லை. கம்போவின் வரலாற்றை நாம் படிக்க வேண்டியது இந்த இரண்டாம் கேள்விக்காகத்தான்.

2. மூன்று கஷாயங்கள்

மேற்சொன்ன தாத்தாவுக்குரியது கெய்ஷிட்டோ. பட்டை, பியோனி வேர், சீன இலந்தை, இஞ்சி, அதிமதுரம் என ஐந்து சரக்கு. மகனுக்குரியது மாவோட்டோ: எபெட்ரா, ஆப்ரிகாட் பருப்பு, பட்டை, அதிமதுரம் என நான்கு. மருமகளுக்கு உரிய கக்கொன்டோ, கெய்ஷிட்டோவின் ஐந்து சரக்கோடு குட்ஸு கிழங்கும் எபெட்ராவும் சேர்ந்த ஏழு. மூன்றும் கி.பி. 200 அளவில் சீனத்தில் சாங் சுங்சிங் தொகுத்த ஷாங்ஹான் லுன் நூலின் வழியில் வருபவை. ஜப்பானிய மருந்தகங்களில் இன்று இவை துகள் வடிவில் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கின்றன. பொட்டலத்தின் மேல் எண் இருக்கும்: கக்கொன்டோ 1, மாவோட்டோ 27, கெய்ஷிட்டோ 45.

இந்தப் பாகுபாட்டில் மந்திரம் ஒன்றுமில்லை. எபெட்ராவில் உள்ள எபெட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். நல்ல தேகக்கட்டுள்ள, வியர்வை அடைபட்ட இளைஞனுக்கு அது வியர்வையைத் திறந்து காய்ச்சலை இறக்கலாம். ஏற்கெனவே வியர்த்துத் துவண்ட முதியவருக்குக் கொடுத்தால் நெஞ்சு படபடக்கும், இருக்கிற தெம்பும் போகும். பலமுள்ள உடம்பை 'ஜித்ஸு' என்றும் வலுக்குன்றியதைக் 'கியோ' என்றும் கம்போ பிரிக்கிறது. நிறைவு, வெறுமை என்று தமிழில் சொல்லலாம். வெம்மையா குளிர்ச்சியா என்பது அடுத்த பிரிவு.

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கான மருந்துகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வெளிறி மெலிந்து, கைகால் குளிர்ந்து, வீக்கம் காணும் பெண்ணுக்கு டோகிஷாகுயாகுசான். முகம் சிவந்து, திடமான உடம்போடு, அடிவயிற்றை அழுத்தினால் எதிர்த்து நிற்கும் பெண்ணுக்குக் கெய்ஷிபுகுர்யோகான். இரண்டுக்கும் நடுவில், எரிச்சலும் உறக்கமின்மையும் மாறிமாறி வரும் குறைகளுமாக இருப்பவளுக்குக் காமிஷோயோசான். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை ஃபுகுஷின் என்கிறார்கள். அதற்குத் தலைமையிடம் தந்தவர்களில் முதன்மையானவர் 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர் யோஷிமாசு தோதோ (1702–1773). ஐம்பூதக் கணக்குகளையெல்லாம் தள்ளிவிட்டு, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் குறியைப் பார்த்துக் கஷாயத்தைக் கொடு என்றவர் அவர்.

அவர் மரபு தந்த ஒரு பழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. நோயாளியின் நிலையை 'ஷோ' என்பார்கள். அதற்கு மருந்தின் பெயரையே சூட்டுவார்கள். "இது கக்கொன்டோ ஷோ" என்றால் நோய்க்கணிப்பும் மருந்தும் ஒரே சொல்லில் முடிந்தன. கொள்கைக்கும் சீட்டுக்கும் இடையே விளக்கத்துக்கு இடமில்லை. ஆகவே தவறினால் தவறு உடனே தெரியும். நம் மூன்று மரபுகளிலும் இத்தனை இறுக்கமான முடிச்சு கிடையாது.

3. ஷோவும் தேகியும் ஒன்றல்ல

'ஷோ'வை 'உடல்வாகு' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. பிழை அங்கேயே தொடங்குகிறது.

சித்த மருத்துவத்தில் வாத தேகி, பித்த தேகி, கப தேகி, கலந்து வரும் தொந்த தேகி என்பவை பிறப்போடு வந்தவை. ஆயுர்வேதத்தின் பிரகிருதியும் கருவிலேயே அமைவது என்பது நூற்கருத்து. ஷோ அப்படிப்பட்டதன்று. காய்ச்சல் கண்ட முதல் நாள் கக்கொன்டோ ஷோவாக இருந்தவருக்கு ஐந்தாம் நாள் வாய் கசந்து, விலாவின் கீழ் இறுக்கம் கண்டு, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் அவர் ஷோசைகோட்டோ ஷோவுக்கு மாறிவிட்டார். ஆள் அதே ஆள்தான். பிறவி வாகும் ஷோவுக்குள் ஒரு பங்கு பெறுகிறது. ஆனால் தீர்ப்புச் சொல்வது இன்றைய உடம்பு.

அப்படியானால் சித்தத்தில் ஷோவுக்கு இணை எது? நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வில் அன்றன்று வெளிப்படும் முக்குற்ற மாறுபாடு. நலமான உடம்பில் வளி (வாதம்) ஒன்று, அழல் (பித்தம்) அரை, ஐயம் (கபம்) கால் என நாடி நடக்க வேண்டும்; எந்த அளவு எங்கே மீறியது என்று விரல்நுனி சொல்லும். அதன்பின் பொருத்தம் எங்கே நிகழ்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மருந்தில் அல்ல, அனுபானத்தில். ஒரே சூரணம் கபம் மிகுந்தவருக்குத் தேனில், பித்தம் மிகுந்தவருக்கு நெய்யில். ஜப்பானியர் கஷாயத்தையே மாற்றினார்கள். நாம் மருந்தை வைத்துக்கொண்டு அதைக் குழைக்கும் பொருளை மாற்றினோம். கைக்கு அடக்கமான, செலவில்லாத இந்த நுட்பத்தை ஆய்வாளர்கள் சோதிக்காமல் விட்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

4. தில்லி ஆய்வகங்கள்

தில்லியில் உள்ள மரபணுத்தொகை மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்தது. அங்கே மரபணுவியலாளர் மிதாலி முகர்ஜியும், ஆயுர்வேதம் முறையாகப் படித்த பாவனா பிரஷரும் சேர்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயில்லாத மனிதர்களில் வாதம், பித்தம், கபம் ஒவ்வொன்றும் மிகத் துலக்கமாகத் தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர்களின் இரத்தத்தையும் மரபணு வெளிப்பாட்டையும் ஒப்பிட்டது அந்த ஆய்வு. வகைக்கு வகை அளவிடத்தக்க வேறுபாடுகள் இருந்தன. கபப் பிரகிருதியினரின் இரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருந்தது ஓர் எடுத்துக்காட்டு. இந்தத் துறைக்கு ஆயுர்ஜீனோமிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

2010-இல் வந்த அடுத்த கட்டுரை இன்னும் கூர்மையானது. ஆக்சிஜன் குறைவை உடம்பு உணர்வதில் பங்குள்ள ஈ.ஜி.எல்.என்.1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் கபத்தாரிடம் மிகுதியாகவும் பித்தத்தாரிடம் குறைவாகவும் காணப்பட்டது. மலையுச்சிக்குப் போய் நுரையீரலில் நீர் கோத்து அவதிப்பட்டவர்களிடம் அதே வடிவம் இருந்தது. உயர்ந்த மலைகளிலேயே பிறந்து வாழ்பவர்களிடம் ஏறக்குறைய இல்லை. பழைய வகைப்பாட்டைத் திசைகாட்டியாகக் கொண்டு புதிய உடலியல் உண்மை ஒன்றை எட்டிய நிகழ்ச்சி இது. நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகத்தில் பி.கே. தெல்மா குழுவினர் 2012-இல் முடக்குவாத நோயாளிகளைப் பிரகிருதி வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வாத வகையினரிடம் அழற்சி சார்ந்த மரபணுக்களும், பித்த வகையினரிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் சார்ந்த மரபணுக்களும் நோயோடு தொடர்பு காட்டின. நோயின் பெயர் ஒன்று, உள்ளே போகும் வழி இரண்டு என்பதற்கு இது குறிப்பு. முன்னோட்ட ஆய்வு என்று அவர்களே அடக்கமாகச் சொன்னார்கள்.

தில்லிக்கு வெளியே இரண்டைச் சொல்ல வேண்டும். புனேயில் 2011-இல் கோட்கே, ஜோஷி, பட்வர்தன் மூவரும் மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் ஒரு நொதியின் மரபணுவைப் பிரகிருதியோடு ஒப்பிட்டார்கள். வேகமாகச் சிதைப்பவர்கள் பித்தத்திலும் மெதுவாகச் சிதைப்பவர்கள் கபத்திலும் கூடுதலாக இருந்தனர். மருந்தின் அளவுக்கு நேரடித் தொடர்புள்ள செய்தி இது. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் 2015 ஆய்வு 3,416 ஆண்களைப் பரிசோதித்து, ஒரு குற்றம் மேலோங்கியவர்களாக 262 பேரை மட்டும் தேர்ந்தெடுத்தது.

இந்தக் கடைசி எண்களில் சற்று நிற்க வேண்டும். ஆய்வகம் துலக்கமானவர்களையே நாடுகிறது, அதுவே முறை. மருத்துவர் வாசலில் வரிசையில் நிற்பவர்களோ மற்ற மூவாயிரத்துச் சொச்சம் பேரைப் போன்றவர்கள்: தொந்த தேகிகள். அவர்களுக்கு எந்த மருந்து என்ற கேள்விக்கு, துலக்கமானவர்களின் மரபணு விடை தராது. மருத்துவர்களின் கணிப்பே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதும் உறுதியில்லை. 15 ஆயுர்வேத மருத்துவர்கள் ஒரே 20 பேரைத் தனித்தனியே பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், நாடியிலும் நாக்கிலும் பிரகிருதியிலும் ஒத்த முடிவு குறைவாகவே வந்தது. அளவுகோல் ஆளுக்கு ஆள் நீண்டு குறுகினால் அதைக் கொண்டு மருந்தைப் பொருத்துவது எப்படி?

இதற்கிடையில் வகைப்படுத்தும் வேலை பெருவெள்ளமாகிவிட்டது. 2024 அக்டோபர் 29 அன்று தில்லி சரிதா விகாரில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தில் தொடங்கிவைக்கப்பட்ட பிரகிருதிப் பரிசோதனை இயக்கம், கைப்பேசிச் செயலியும் தன்னார்வலரும் கொண்டு சில மாதங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரகிருதி கணித்தது. மக்கள் தம் உடம்பைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது நல்லதே. ஆனால் பிறவி வாகைச் சொல்லும் ஒரு சான்றிதழ் இன்றைய காய்ச்சலுக்கு மருந்து சொல்லாது. கம்போ மருத்துவர் நோயாளி வரும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் கை வைப்பதற்குக் காரணம் அதுவே.

5. ஹகீம்களின் தில்லி

பழைய தில்லியின் யூனானி மரபில் மனிதனுக்கு மட்டுமன்றி மருந்துக்கும் மிசாஜ் உண்டு. வெம்மை, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற தன்மைகள் ஒவ்வொரு சரக்கிலும் முதல் படியிலிருந்து நான்காம் படி வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நோயாளியின் மிசாஜ் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதற்கு எதிர்த்தன்மையுள்ள சரக்கை, சாய்வின் அளவுக்கு ஏற்ற படியில் எடுப்பார்கள். பொருத்தத்தை எண்ணால் சொல்ல முயன்றது இந்த மரபின் சிறப்பு.

ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) கரோல் பாகில் எழுப்பிய திப்பியா கல்லூரியை 1921-இல் காந்தியடிகள் திறந்துவைத்தார். ஆயுர்வேதமும் யூனானியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. நவீன வேதியியலும் வர வேண்டும் என்று அஜ்மல் கான் விரும்பினார். அவர் ஊக்கம் தந்த சலீமுஸ்ஸமான் சித்திகி சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931-இல் ஒரு காரப்பொருளைப் பிரித்து, அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கு அது மருந்தாகப் பயன்பட்டது. அதே வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் பிரிக்கப்பட்ட ரெசர்பின் இரத்த அழுத்தத்துக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டது. சிலருக்கு அது கடும் மனச்சோர்வைத் தந்தது என்று பிறகு எச்சரிக்கப்பட்டது. வேர் ஆய்வகத்துக்குப் போனது. யாருக்கு இந்த வேர், எந்தப் படியில் என்ற கேள்வி கூடப் போகவில்லை.

6. நோயின் பெயர் பார்த்துக் கொடுத்தபோது

ஜப்பானில் இந்தக் கேள்வி கைவிடப்பட்ட கதையை விரித்தே சொல்ல வேண்டும்.

1883-இல் ஜப்பான் அரசு மேலை மருத்துவத் தேர்வில் தேறியவருக்கே மருத்துவ உரிமம் என்று விதித்தது. கம்போவைப் பிழைக்கவைக்கக் கொண்டுவந்த மசோதாவை 1895-இல் நாடாளுமன்றம் நிராகரித்தது. ஆகவே இன்றுவரை அங்கே கம்போவுக்குத் தனி உரிமம் இல்லை. எழுதிக்கொடுப்பவர்கள் மேலை மருத்துவம் படித்தவர்களே. நம் நாட்டிலோ சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டம். 1976-இல் கம்போத் துகள்கள் பெருமளவில் ஜப்பானியக் காப்பீட்டுக்குள் வந்தன. இன்று 148 மருந்துகள் அந்தப் பட்டியலில் உள்ளன. அணுகுவது எளிதாயிற்று. வயிற்றில் கை வைக்கப் பழகாத மருத்துவரும் நோயின் பெயரைப் பார்த்து எண்ணை எழுதிவிட முடிந்தது.

9-ஆம் எண் பொட்டலமான ஷோசைகோட்டோ இப்படித்தான் நாட்பட்ட கல்லீரல் அழற்சிக்கென்று ஏராளமானோருக்குக் கொடுக்கப்பட்டது. 1996 மார்ச்சில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது: இந்த மருந்தை உட்கொண்டவர்களில் 88 பேருக்கு இடைத்திசு நிமோனியா, 10 பேர் இறப்பு. இன்டர்ஃபெரானோடு சேர்த்துக் கொடுப்பது ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்தது. பிறகு கல்லீரல் இறுகியவர்களுக்கும் கல்லீரல் புற்று உள்ளவர்களுக்கும் கூடாது என்றானது.

ஷோ பார்த்துக் கொடுத்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று கம்போ அன்பர்கள் வாதிடுவதுண்டு. அந்த வாதம் நிறுவப்படவில்லை. நுரையீரலின் ஒவ்வாமையை வயிற்றுத் தொடுகை முன்கூட்டிக் காட்டும் என்பதற்குச் சான்றில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. மரபு தன் மருந்துக்கு இட்டிருந்த வேலியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நவீன மருத்துவத்தின் சோதனை வேலியையும் கட்டாமல் மருந்தைப் பரப்பினார்கள். அதிமதுரத்துக்கும் இது பொருந்தும். பல கம்போ மருந்துகளில் அது உண்டு. நெடுநாள் மிகுதியாக எடுத்தால் உடம்பின் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும். இரண்டு மூன்று பொட்டலங்களைச் சேர்த்து எழுதுபவர் அதிமதுரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் திரும்புவோம். டெங்கு பரவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் தெருமுனைகளில் நிலவேம்புக் குடிநீர் அண்டா அண்டாவாக வழங்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சுவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் ஆகிய ஒன்பது சரக்கு. 2020-இல் 15 சரக்குள்ள கபசுரக் குடிநீர் அதே வழியில் போயிற்று. பெருந்தொற்றில் ஒவ்வொருவருக்கும் நாடி பார்க்க முடியாது என்பது நியாயம். வழங்கியவர்களின் அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அண்டாவில் ஊற்றிய குடிநீரில் தேகி என்ற கருத்தே கரைந்துபோனது. குடித்தவர்களில் யாருக்கு வயிறு எரிந்தது, யாருக்குத் தணிந்தது என்று குறித்துவைத்திருந்தால், சித்த மருத்துவத்தின் மையக் கோட்பாட்டுக்கே பெரும் தரவு கிடைத்திருக்கும்.

7. நிலமும் பொழுதும்

தில்லியில் சித்த மருத்துவம் பழகுபவருக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. சித்த நூல்கள் ஐந்திணை நிலத்துக்கு ஏற்ப நோய் சொல்பவை. மருதநிலம் நோய் குறைந்தது, பாலை முக்குற்றமும் மிகுவது, நெய்தல் வாதத்துக்கு இடம் தருவது. தில்லி எந்தத் திணை? யமுனைக் கரை வயலைப் பார்த்தால் மருதம். மே மாதத்தில் ராஜஸ்தான் பக்கமிருந்து அடிக்கும் லூ காற்றைப் பார்த்தால் பாலை. சனவரி நள்ளிரவின் குளிருக்குத் தமிழ் நிலத்தின் மலைக்கிராமங்களே இணை. பெரும்பொழுது ஆறும் நம் மாதக் கணக்கில் இங்கே பொருந்துவதில்லை. பங்குனியில் சென்னையில் புழுங்கும்போது இங்கே காலையில் போர்வை தேவைப்படுகிறது.

கரோல் பாகிலும் மயூர் விகாரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதைக் காணலாம். நெய்தல் கரையில் பிறந்து வந்த மூத்தவருக்கு மார்கழியில் மூட்டு பிடித்துக்கொள்கிறது. இங்கேயே பிறந்த பேரனுக்கு ஒன்றுமில்லை. இருவருக்கும் பிறவித் தேகி ஒன்றாகவே இருக்கலாம். கருவில் அமைந்த வாகுக்கும் இன்றைய ஷோவுக்கும் நடுவே, உடம்பு பழகிய நிலம் என்ற மூன்றாவது ஒன்று நிற்கிறது. கம்போ இதைத் தனியே பேசுவதில்லை. ஐந்திணை மரபு பேசுகிறது. அதைத் தமிழகத்துக்கு வெளியே சோதித்துப் பார்க்கத் தில்லியைவிட நல்ல களம் இல்லை.

8. சோதிக்க வேண்டியது

2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் 11-ஆம் பதிப்பில், கம்போவின் ஷோ போன்ற கிழக்காசிய நோய்க்கோலங்களுக்கு முதன்முதலாகக் குறியெண் கிடைத்தது. ஆயுர்வேத, சித்த, யூனானிச் சொற்களுக்கான இரண்டாம் தொகுதி 2024 சனவரி 10 அன்று புதுதில்லியில் வெளியிடப்பட்டது. இனி நோயின் பெயரையும் முக்குற்ற நிலையையும் ஒரே ஏட்டில் எழுதலாம். கருவி கைக்கு வந்துவிட்டது.

என் முன்மொழிவு சிறியது. அபாயமில்லாத ஒரு குறையை எடுத்துக்கொள்வோம்: செரியாமை. நெடுங்காலம் பழகிய ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம்: சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகுச் சூரணம். இரண்டு மருத்துவர்கள் ஒருவர் கணிப்பை மற்றவர் அறியாமல் நோயாளியைப் பார்த்து, கபமா பித்தமா என்று எழுத வேண்டும். இருவரும் ஒத்துப்போனவர்களை மட்டும் ஆய்வில் சேர்த்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு அவரவர் குற்றத்துக்கு உரிய அனுபானம், தேனோ நெய்யோ. மறு பாதியினர் எல்லாருக்கும் ஒரேபோல வெந்நீர். நெய்யையும் தேனையும் நாக்கிலிருந்து மறைக்க முடியாது. ஆகவே பலனைக் கேட்டு எழுதுபவருக்காவது யார் எந்தப் பாதி என்று தெரியக்கூடாது. வெறும் நெய்யோ தேனோ தரும் நலத்தைப் பிரித்தறிய, அனுபானத்தை மாற்றிப் பெறும் மூன்றாவது சிறு குழுவும் வேண்டும். பித்தத்தாருக்கு எரிச்சல் கண்டால் அன்றே நிறுத்திவிடலாம்.

மருத்துவர்கள் ஒத்துப்போகாத நோயாளிகளின் ஏட்டைத் தூக்கி எறியக்கூடாது. எத்தனை பேரிடம் ஒத்துப்போகவில்லை என்பது தனியே ஒரு முடிவு. அதை முதலில் வெளியிட வேண்டும். ஒவ்வொரு ஏட்டிலும் வழக்கமான பத்திகளோடு இன்னும் மூன்று இருக்கட்டும்: பிறந்த நிலம், தில்லியில் கழித்த குளிர்காலங்கள் எத்தனை, இன்று காலை கைகால் சுட்டதா குளிர்ந்ததா.